பவளத்துக்குப் போட்ட மூட்டம்

சௌந்தர்யாவின் குதிரை பவளம் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைப் பெண் குதிரை. கணவன் இறந்த பிறகு சௌந்தர்யாவே கடிவாளம் பிடித்து நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் மண்டபங்களுக்கு அதை நடத்திப் போனாள்.

ஐப்பசி மழை விட்டதும் ஈ வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கைலாசத்தின் முட்டைக்கோழிப் பண்ணை. கோழி எருவையும் பழைய வைக்கோலையும் வேலியோரமே குவித்து வைத்திருந்தார். நனைந்து அழுகிய அந்தக் குவியலில் பிறந்தவை சோற்றில் உட்காரும் ஈக்கள் அல்ல; ஊசிபோல் குத்தி ரத்தம் குடிப்பவை. பவளத்தின் கால்களிலும் அடிவயிற்றிலும் அப்பிக்கொண்டன. குதிரை தரையை உதைத்து உதைத்து லாடத்தைக் கழற்றிவிட்டது. தன் விலாவைத் தானே கடித்தது. கடித்த புண்ணிலும் ஈ மொய்த்தது.

சௌந்தர்யா வேப்பெண்ணெய் தடவினாள். வயிற்றைச் சுற்றிச் சாக்குக் கட்டினாள். எதற்கும் ஈ அடங்கவில்லை. வேலியோரம் போய்க் கைலாசத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்த எருவ அள்ளிருங்க. இல்லீன்னா தார்ப்பாயாச்சும் போட்டு மூடுங்க. குதிரை ரத்தஞ் சொட்ட நிக்குதுங்க."

"பண்ணைன்னா ஈ இருக்கத்தான் செய்யும். உன்ற குதிரைய வேற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போ புள்ள."

அன்று சாயங்காலம் அவள் இரும்புச் சட்டியில் வேப்பந்தழையைப் போட்டு மூட்டம் மூட்டினாள். புகை சூழ்ந்ததும் ஈக்கள் விலகின. பல நாளுக்குப் பிறகு பவளம் தலையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றது. ஆனால் காற்று திரும்பியது. புகை பண்ணைக்குள் புகுந்து, கூண்டுகளில் கோழிகள் அலறிச் சிறகடித்தன.

கைலாசம் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். கையில் பித்தளை முனை வைத்த ரப்பர் தண்ணீர்க் குழாய். வந்த வேகத்தில் சட்டியை எட்டி உதைத்தார். நெருப்புத் துண்டுகள் குதிரையின் கால்களில் சிதறின. பவளம் கனைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தது. அவர் குழாயைச் சுழற்றி அதன் முகத்தில் அடித்தார். மறுபடியும் அடித்தார். பித்தளை முனை இடது கண்ணில் இறங்கியது.

சௌந்தர்யா மண்வெட்டியை எடுத்து அவர் தோளில் ஓங்கி அடித்தாள். எலும்பில் பட்ட அதிர்வு அவள் முழங்கை வரை ஏறியது. அவர் அவளைக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்.

அதற்குள் பவளம் தன்னைக் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டது. திரும்பி நின்று பின்னங்கால்கள் இரண்டாலும் உதைத்தது. கைலாசத்தின் நெஞ்சில் விறகு முறிவதுபோல் சத்தம் கேட்டது. அவர் மல்லாந்து விழுந்தார். குதிரை அவர்மேல் முன்னங்கால்களைத் தூக்கியது.

'மிதிக்கட்டும்' என்றுதான் சௌந்தர்யா நினைத்தாள். அப்போது அவர் வாயிலிருந்து ரத்தத்தோடு "அம்மா" என்று வந்தது. எழுந்து ஓடி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் குதிரையின் முகத்தில் போட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பவளம் அவளையும் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றியது. பிறகு நடுங்கிக்கொண்டு நின்றது.

கைலாசத்துக்கு விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தன. சேலத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், குதிரையை ஏவிவிட்டுக் கொல்லப் பார்த்தாள் என்று போலீசிடம் சொன்னார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கைலாசத்தின் மனைவி சத்யபிரியா பண்ணை வாசலில் நின்றே பேசினாள்.

"எங்க ஊட்டுக்காரருதான் மொதல்ல அடிச்சாருங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் புள்ள இழுத்துப் பிடிக்கலைன்னா இந்நேரம் அவரு பொணமுங்க."

மறுநாள் பொக்லைன் வந்து எருவை வாரிப் போனது. சத்யபிரியா ஆட்களோடு நின்று அந்த இடம் முழுக்கச் சுண்ணாம்பு தூவினாள். சௌந்தர்யா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

ஈ குறைந்தது. கண் போனது போனதுதான். கொட்டுச் சத்தமும் கூட்டமும் இனி ஆகாது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். சௌந்தர்யா விற்கவில்லை, காலையில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்தாள்.

ஒரு நாள் நினைவில்லாமல் குருட்டுப் பக்கமாகப் போய்க் கழுத்தைத் தொட்டாள். பவளம் வெடுக்கெனத் திரும்பி அவள் தோளைக் கவ்வியது. பல் சதையில் இறங்கியது. அவள் கத்தவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"நாந்தான் சாமி," என்றாள். "நாந்தான்."

குதிரை மெல்லப் பிடியை விட்டது.