எல்லாப் படத்திலும் ஒரே மீன்

பல் டாக்டர் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மருமகனின் தோள்பையைத் திறந்து எட்டிப் பார்த்தார். தூண்டில் நூல், ஒரு துண்டு, பாதி கடித்த ஆப்பிள். நம்பிக்கை வராமல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். ஆப்பிள் மட்டும் உருண்டு செருப்பு அலமாரிக்கு அடியில் போனது.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை?"

"கிடைச்சுது மாமா. விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்க," என்றார் மாமனார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன தோரணையில் ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருந்தது.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, அதுதான் வினை. புதுக் கண்ணுக்கு வீட்டில் வேலை போதவில்லை. ஆயுள் முழுக்க மரச்சாமான் கடை வைத்திருந்தவர், எந்த மேசையையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். மருமகனையும் வந்த நாளிலிருந்து தட்டிக்கொண்டேயிருந்தார். அவர் கணக்கு எளிமையானது. மீன் பிடிக்கப் போகிறவன் மீனோடு வருவான். வாராவாரம் வெறுங்கையோடு வருகிறவன் வேறு எங்கேயோ போய் வருகிறான். அந்த 'வேறு எங்கேயோ'வை மகளின் காதில் ஜாடைமாடையாகப் போட்டு வைத்திருந்தார்.

டாக்டரைக் கேட்டால், வாரத்தில் ஆறு நாளும் ஊரார் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு நாள் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க உரிமை கிடையாதா என்பான். இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, டிரவுட் மீன் வந்து கவ்வுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினான். பிடித்ததைத் தின்பதில்லை. கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவான். ஒரு மூச்சு நேரம் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு தூண்டில் முள்ளைப் பக்குவமாகக் கழற்றி விட்டுவிடுவான். தொழில் தோஷம், ஒரு தடவை விடும்போது, "ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாதீங்க" என்று மீனிடம் சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறான்.

சாப்பாட்டு மேசையில் அன்று அந்தப் படங்களைக் காட்டினான். மாமனார் போனை மூக்குக்கு அருகில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஈரக் கை, தண்ணீர், மீன். மறுபடி ஈரக் கை, தண்ணீர், மீன்.

"எல்லாப் படத்துலயும் ஒரே மீன்தான்," என்றார். "என்னைக்கோ ஒரு நாள் பிடிச்சதை வச்சு மாசக்கணக்கா ஓட்டறாரும்மா உன் வீட்டுக்காரர்."

"தேதி இருக்கு பாருங்க மாமா."

"தேதிய யார் வேணா மாத்தலாம். அது கிடக்கட்டும். நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். வாயில முள்ளக் குத்தி, இழுத்து, போட்டோ எடுத்து, போயிட்டு வான்னு அனுப்பறது என்ன நியாயம்? பசிக்குத் தின்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கு. தின்னுறவன் பாவி, விளையாட்டுக்குக் குத்தறவர் மகானா?"

"காட்டு மீன் மாமா, பண்ணையில வளர்த்தது இல்ல. இருக்கறதே கொஞ்சம். ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தா ஆறு காலி."

"அப்ப வீட்டுலயே இருங்க. ஆறும் நிம்மதியா இருக்கும், என் பொண்ணும் நிம்மதியா இருப்பா."

முதலில் சிரித்துக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஏங்க, நிஜமாவே ஒண்ணு போலத்தான் இருக்கு," என்றாள். பிறகு, நாளெல்லாம் அப்பாவின் முணுமுணுப்பைக் கேட்டுச் சலித்த குரலில், "வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மீன் இந்த வீட்டுக்கு வரணும். அதை வறுத்து அப்பா தட்டுல நான் வைக்கணும். வரலைன்னா அதோட சரி. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆறும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றாள்.

இப்படி ஒரு பழியைச் சுமப்பதா என்று மறுநாள் கிளினிக்கில் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. நோயாளி ஒருவர் மரத்துப்போன கன்னத்தோடு காத்திருக்க, எக்ஸ்ரே பார்க்கிற பெரிய திரையில் மீன் படங்களைப் போட்டான். மீனுக்கு மீன் புள்ளி வேறு என்று மாமனாருக்கு நிரூபித்துக் காட்டிவிடுவதுதான் உத்தேசம். கண்ணுக்குப் பின்னால் மூன்று கறுப்புப் புள்ளி, அதை ஒட்டி ஒரு சிவப்பு. அடுத்த படம். மூன்று கறுப்பு, ஒரு சிவப்பு. அதற்கடுத்ததைப் பெரிதாக்கினான். அதிலும் அதேதான்.

வாயைப் பார்த்தான். முதல் படத்தில் வாய் முழுசாக இருந்தது. அடுத்ததில் வலது ஓரம் புதிதாகக் கிழிந்திருந்தது. அதன் பிறகு வந்த எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே தழும்பு.

உள்ளே வந்த நர்ஸம்மா திரையைப் பார்த்து நின்றாள். "யார் டாக்டர் இது? இவ்வளவு கிழிஞ்சிருக்கு, தையல் போடலையா?"

தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவனுக்கு நினைவிருக்காது. வாயைத் திறந்தால் போதும், எந்தப் பல்லுக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் இந்த ஒரு வாயைக் கவனிக்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தானே ஒழிய வாயைப் பார்க்கவேயில்லை. இத்தனை மாதமாக அவன் காப்பாற்றி அனுப்பிய மீன்களின் மொத்த எண்ணிக்கை ஒன்று. வெட்கத்தில் காது சுட்டது. அதற்கு நடுவிலும் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. விட்டது ஒவ்வொரு தடவையும் பிழைத்திருக்கிறதே என்று. பிழைத்ததைத்தானே திரும்பத் திரும்பக் குத்தினோம் என்று உடனே உறைத்தது.

அப்புறம்தான் பெரிய இடி இறங்கியது. அவன் வழக்கமாகத் தூண்டில் போடுகிற அந்த ஆற்று மடுவில் இருப்பதே இந்த ஒன்றுதான். அதை வறுத்து மாமனார் தட்டில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும், ஆற்றில் ஒன்றும் மிஞ்சாது. வைக்காவிட்டால் மீன் மிஞ்சும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மீன் இருந்தால் போதும் என்று அவன் முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னால் அது பச்சைப் பொய். அவனுக்கு இரண்டும் வேண்டும். வழி தெரியாமல், சனிக்கிழமை கிளினிக்கை மூடுமுன் பல் கம்பி வெட்டுகிற இடுக்கியை எடுத்து, பொய்ப்பூச்சியின் முள்ளை அடியோடு நறுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் கூட வந்தார். கத்தி, உப்பு, எலுமிச்சம்பழம், மீனைச் சுற்ற நாலு பழைய செய்தித்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் ஆள் அரவம் உண்டா, பக்கத்தில் வீடு ஏதும் உண்டா என்று கண்ணைச் சுழற்றினார். பாறையும் தண்ணீரும்தான். ஏமாந்துபோன முகத்தோடு ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார்.

டாக்டர் பூச்சியை வீசினான். வராதே, வராதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே வீசினான். ஒன்றும் வரவில்லை. "இதுக்காகவா கல்லும் முள்ளும் தாண்டி வர்றீங்க?" என்று மாமனார் கொட்டாவி விட்டார். கொட்டாவி பாதியில் நின்றது. மடுவின் அடியிலிருந்து ஒரு பழுப்பு நிழல் எழுந்து வந்து, அவசரமே இல்லாமல் பூச்சியைக் கவ்வி, மென்று பார்ப்பது போல ஒரு கணம் வைத்திருந்து துப்பிவிட்டுப் போனது.

"இழுங்க மாப்பிள்ளை, இழுங்க."

"இழுத்தேன் மாமா. விட்டுடுச்சு."

சற்று ஓய்வு கொடுத்து மறுபடி வீசினான். மறுபடி வந்தது, மறுபடி துப்பியது. மூன்றாம் முறை மாமனார் உட்காரவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். வலது பக்கத்து உதட்டுத் தழும்பை அந்தப் புதுக் கண் பார்த்துவிட்டது.

"அட, அதே ஆளு," என்றார் மெதுவாக. "போட்டோவுல இருந்த அதே ஆளு. நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நானும் இந்த வாரந்தான் பாத்தேன் மாமா."

மாமனார் கையை நீட்டினார். டாக்டர் நூலைச் சுருட்டிப் பூச்சியை அவர் உள்ளங்கையில் வைத்தான். கட்டைவிரலால் தடவினார். முள் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைக் கம்பி. இத்தோடு தொலைந்தோம் என்று டாக்டர் பேந்தப் பேந்த விழித்தான்.

"முள் எங்க?"

"வெட்டிட்டேன்."

"என்னை உக்கார வச்சு வேடிக்கை காட்டியிருக்கீங்க."

"ஆமா மாமா. என்னால முடியல. இன்னொரு தடவ குத்தவும் முடியல, கொல்லவும் முடியல. வராம இருக்கவும் முடியல."

மாமனார் பூச்சியின் இறகை விரலால் நீவிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள். ஆற்றின் இரைச்சலில் கேட்காதே என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அடுப்புல எண்ணெய் வைக்கட்டுமா? மீன் கிடைச்சுதா இல்லையா?"

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடுவைப் பார்த்தார்.

"எண்ணெய் வைக்காதம்மா. மீன் இருக்கு. பெரிய மீன். ஆனா இன்னைக்கு வராது போலிருக்கு."

"அப்ப இனிமே அவர் ஞாயித்துக்கிழமை..."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம். நானும் வர்றேன்ல," என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டார். மொட்டைப் பூச்சியை மருமகனிடம் திருப்பி நீட்டினார்.

"அந்தப் பாறைக்குப் பக்கத்துல போடுங்க. முன்ன அங்கதான் வந்துச்சு."

டாக்டர் வீசினான். பூச்சி தண்ணீரில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, லேசாகச் சுழன்று, மிதந்து வந்தது. கணுக்கால் வரை நனைந்த மாமனார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி குனிந்து நின்றார். அடியில் பழுப்பாக ஏதோ ஒன்று அசைந்தது.