ஆறிய பின் எண்ணியது

தண்ணீர் இருபத்தாறு நொடியில் இறங்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீரானாலும், எவர் கை ஊற்றினாலும், அந்தப் புனலின் துளை வழியே ஒரு குவளை நிறைவதற்கு இருபத்தாறு நொடி. மாளிகைத் தண்ணீர் என்று அது முந்துவதும் இல்லை, குடிசைத் தண்ணீர் என்று பிந்துவதும் இல்லை.

அந்தப் புனலைப் பதினோர் ஆண்டுகளாகக் கையாண்டு வந்த பெண்ணுக்கு எண்ணெய்க் கிணற்று நிலையத்தில் வழங்கிய பெயர் நொடிக்காரி. தாங்கியில் நிற்கும் புனலின் துளையை ஒரு விரலால் அடைப்பாள். திரவத்தை விளிம்பு வரை ஊற்றுவாள். விரலை எடுத்த கணத்தில் கடிகாரத்தை அழுத்தி, கீழே குவளை கோட்டைத் தொடும்வரை உதட்டுக்குள் எண்ணுவாள். திரவம் கெட்டியாக இருந்தால் எண்ணிக்கை கூடும், இளகினால் குறையும். பால் பொங்கும் நேரத்தையும் எண்ணியே சொல்கிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எண்ணெய்க் கிணற்றின் அடியில் பாறையைப் பிளக்கக் கூழ் வேண்டும். தண்ணீரில் கொத்தவரை விதையின் பசையைக் கலந்து, மணலைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாக்கி, உள்ளே அழுத்துவார்கள். போகும்போது அந்தக் கூழுக்கு ராஜமரியாதை. திரும்பி வரும்போது அது எவருக்கும் வேண்டாத விருந்தாளி. மண்ணும் உப்பும் துருவும் அதற்குள் மிதக்கும், படியாது. படியாத நீரைத் தெளியவைக்க முடியாது, தெளியாத நீரைத் திரும்பக் கிணற்றுக்கு அனுப்ப முடியாது. ஆகவே ஒரு குழி வெட்டி அதில் கொட்டினார்கள். குழியை எங்கே வெட்டினார்கள்? மேலாளர் வீட்டுத் தோட்டத்திலா? தொழிலாளர் வரிசை வீடுகளின் பின்புறத்தில் வெட்டினார்கள். அந்த வரிசையின் கடைசி வீடு நொடிக்காரியுடையது. அதற்கு முந்தியது அவள் அண்ணனுடையது.

ஒன்பது ஆண்டுகளாக அண்ணி பின்பக்க ஜன்னலில் ஈரத்துணி கட்டி நாற்றத்தை மறித்து வந்தாள். ஒன்பது ஆண்டுகளாக மனுவும் எழுதி வந்தாள். அன்று காலையும் துணியை வாளியில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மேடம் இன்னிக்குத்தானே வர்றாங்க?"

"இன்னிக்குத்தான் அண்ணி."

"உன் புனல்கிட்ட சொல்லி வை. மனுவா எழுதி எழுதி என் கைரேகையே தேஞ்சுபோச்சு."

"புனலுக்குக் காது இல்ல அண்ணி."

"வாய் இருக்குல்ல? நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொல்லு." உள்ளறையில் மகள் இருமும் சத்தம் கேட்டது. அண்ணி துணியைப் பிழிந்தாள். "சும்மா சொல்லல. இந்த வருஷமும் குழி மூடலன்னா இவளை எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன். பெத்த பிள்ளைய வருஷத்துக்கு ரெண்டு தடவ பார்க்கிற மாதிரி ஆயிடும்."

நொடிக்காரி உள்ளறையை எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு முதல் முதலாக எண்ணக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான்.

நிலையத்தில் இயந்திரம் தயாராக இருந்தது. பளபளக்கும் உருக்குத் தொட்டி, அதனுள் இறங்கிய நான்கு உலோகக் கம்பிகள். கம்பிகள் எழுப்பும் மீயொலி காதுக்கு எட்டாது. அருகில் நின்றால் பல் மட்டும் கூசும். அந்த ஒலி கூழுக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை எழுப்பி உடைக்கும். உடையும் வேகத்தில் பசையின் நீண்ட இழைகள் துண்டு துண்டாக அறும். இழை அறுந்தால் மண் அடியில் படியும், தெளிநீர் மறுபடி கிணற்றுக்குப் போகும், குழிக்கு வேலை இராது. இயந்திரத்தைக் கொண்டு வந்த பொறியாளர் ஒரு மாதமாகத் தொட்டியருகிலேயே பழியாய்க் கிடந்தார். தலைமை அலுவலகத்தின் ஆய்வாளர் அம்மையார் அன்று பார்க்க வேண்டியது ஒரே ஓர் எண்: முப்பத்தைந்து நொடிக்குள் இறங்கினால் கையெழுத்து, குழி மூடப்படும்.

கிணற்றிலிருந்து வந்த கூழை நொடிக்காரி முதலில் எண்ணினாள். எழுபது. பிறகு கூழ் தொட்டிக்குள் போனது. பத்து நிமிடம் பல் கூசியது. வெளியே எடுத்ததும் எடுத்த கையோடு புனலில் ஊற்றினாள்.

"இருபத்தொன்பது" என்றாள்.

பொறியாளர் விட்ட மூச்சு அறையின் மறுகோடி வரை கேட்டது. ஆய்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நொடிக்காரி வழக்கம்போல் புனலைக் கழுவ எடுத்தாள். எடுத்த கை நின்றது. புனல் சுட்டது.

மூன்று நாளைக்கு முன் கழுவாமல் விட்ட குவளை ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள் என்று பாதியில் போய்விட்டுத் திரும்பியபோது, தண்ணீராய் ஓடியது குவளைக்குள் கோழையாய்த் திரண்டு விரலில் இழுத்தது. வேறு கூழின் மாதிரி போலும் என்று கழுவி ஊற்றிவிட்டாள். வேறு மாதிரி அல்ல. அதே மாதிரிதான், ஆறிய மாதிரி.

சுவரில் சிவப்பு எழுத்தில் விதி இருந்தது: எடுத்தவுடன் எண்ணு. எழுதியவளும் அவளே. கிணறு தோண்டும்போது துளைக்குள் ஓட்டும் சேற்றை எண்ணப் பிறந்த விதி அது; சேறு சும்மா இருந்தால் இறுகிவிடும், கணக்குப் பிழைக்கும். நல்ல விதி. ஆனால் எதற்காகப் பிறந்தது என்று கேளாமல் எல்லாவற்றுக்கும் பொருத்தினால், நல்ல விதியும் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஒரு மாதமாக அவள் எண்ணியது பசை அறுந்ததையா, சூட்டில் இளகியதையா?

பேனா தாளைத் தொடப் போயிற்று. அவள் வாய் திறவாதிருந்தால் குழி மூடப்படும். பிள்ளை வீட்டிலேயே இருப்பாள்.

"மேடம், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு விஷயம். இது சூடா இருக்கு."

"மெஷின்ல இருந்து வந்தா சூடாத்தாம்மா இருக்கும்" என்றார் பொறியாளர்.

"அதைத்தான் சார் சொல்றேன். சூட்டுல மெழுகும்தான் ஓடுது. ஆறினா திரும்பவும் மெழுகுதானே? ஆறவிட்டு எண்ணணும்."

"எடுத்தவுடன் எண்ணுன்னு ஊரையே திட்டுறது நீங்கதான்."

"திட்டினேன் சார். இதுக்கு அது தப்பு."

ஆய்வாளர் பேனாவை மூடாமலே கேட்டார். "ஆற எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு டீ முழுசா ஆறுற நேரம் மேடம். எங்க கேன்டீன் டீ இல்ல, அது ஆறியேதான் வரும்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். முக்கால் மணி நேரம் மூவரும் ஒரு குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நொடிக்காரி துளையை அடைத்தாள், ஊற்றினாள், எண்ணினாள்.

"ஐம்பத்தொண்ணு."

பொறியாளர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "நீங்க யார் பக்கம்மா?"

"குழிக்குப் பக்கம் சார். கடைசி வீடு."

ஆய்வாளர் தலை நிமிர்ந்தார். "குழிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டா இதைச் சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா நான் எழுதிட்டுப் போயிருப்பேனே."

"போயிருப்பீங்க மேடம். ஒரு மாசத்துல தொட்டிக்குத் தொட்டி கூழா நிக்கும். மெஷினைக் கழட்டிப் போடுவீங்க. அப்புறம் வெட்டுற குழி இதைவிடப் பெரிசா இருக்கும். எங்க அண்ணி மனு எழுதினா, அதான் மெஷின் வச்சுப் பார்த்தாச்சேன்னு பதில் வரும். அந்தப் பதிலுக்கு எதிரா எழுத எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது."

பொறியாளர் சட்டைக்கையை மடித்துவிட்டார்.

"தொட்டியச் சுத்திப் பச்சைத் தண்ணி ஓட விட்டா சூடு ஏறாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பத்து நிமிஷம் பத்தாது. நாற்பது வைக்கணும். மேடம், மாலை வரைக்கும் இருக்க முடியுமா?"

ஆய்வாளர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "இருக்கேன். அந்த கேன்டீன் டீ எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போம்."

குழாய் இழுக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. நாற்பது நிமிடம் பல் கூசியது. எடுத்த மாதிரியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்துதான் இருந்தது என்றாலும், நொடிக்காரி அதை மேசையில் முக்கால் மணி நேரம் வைத்தாள். அதற்குள் குவளையின் அடியில் இரண்டு விரற்கடை மண் படிந்துவிட்டது. ஒரு மாதத்தில் அவள் அப்படிப் படிந்து பார்த்ததில்லை. அதைக் கலக்கி, ஊற்றி, எண்ணினாள். முப்பத்தைந்துக்குள் வர வேண்டும் என்று எண்ணினாள். ஆனால் வேண்டியதை எண்ணவில்லை.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சுதான்" என்றார் ஆய்வாளர் மெதுவாக. "இன்னிக்கு எழுத முடியாது. ஆனா இந்த முப்பத்தெட்டை எழுதிக்கறேன், படிஞ்ச மண்ணையும் எழுதிக்கறேன். அடுத்த மாசம் இதே தேதி வர்றேன். இவங்கதான் எண்ணணும்."

அவர் போன பின் நொடிக்காரி ஒரு தாளில் எழுதிச் சுவரிலிருந்த விதியின் கீழே ஒட்டினாள்: மீயொலி மாதிரியை ஆறிய பின் எண்ணு. பொறியாளர் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொடுத்தார்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றாள். நாத்தியின் நடையைப் பார்த்தே கேட்டாள்.

"தேறலையா?"

"காலையில தேறுச்சு அண்ணி. நான்தான் சூடா இருக்குன்னு சொன்னேன்."

நடந்ததை முழுவதும் கேட்ட பின் அண்ணி வாளிப் பக்கம் திரும்பினாள். வாளியிலிருந்த துணியை முறுக்கினாள். அதில் தண்ணீர் வற்றிய பின்பும் முறுக்கினாள்.

"யானை வாயில போன கரும்பைப் பிடுங்கலாம்னு பார்த்தா, நீயே ஊட்டிவிட்டுட்டு வந்திருக்க."

"ஆமா அண்ணி."

"பொய்க் கையெழுத்துல மூடுற குழி எத்தனை நாளைக்கு மூடியிருக்கும்னு நினைச்ச?"

"ஒரு மாசம்."

அண்ணி மூச்சிழுத்தாள். உள்ளே இருமல் கேட்டு ஓய்ந்தது. "இப்ப எத்தனை நொடி மிச்சம்?"

"மூணு."

"மூணு நொடின்னா எவ்வளவு நேரம்? எனக்கு எண்ணிக் காட்டு."

நொடிக்காரி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அண்ணி துணியை ஜன்னலில் கட்டி, முடிச்சை இறுக்கினாள். "சரி, தாளும் பேனாவும் எடு. பழைய மனுவே இருக்கட்டும், தேதிய மட்டும் மாத்து. கூடவே அந்த முப்பத்தெட்டையும் எழுது. இத்தனை வருஷத்துல நம்ம மனுவில ஒரு நம்பர் இருந்ததே இல்ல."