வைத்தாலே போதும்

மூன்றாவது தடவையாகத் தன் அக்காவின் போனைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் கச்சேரியை ஆரம்பித்தான். போன் ரிப்பேர் செய்கிறவனுக்குத் தெரு வைத்த பெயர் அது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்; ஆள் இருந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டே, "சார்ஜ் பின்னை இப்படிக் குத்திக் குதறியிருக்கியே, இது போனா, உன் பகையாளியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்காவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டையாக, வட்டமாக இருந்த ஒன்றைக் காட்டி, "அதுக்கு வயரே சொருக வேணாமாமே? மேல வெச்சாலே போதுமாமே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் உடம்பு வணங்காத சோம்பேறிங்களுக்கு. உனக்கென்ன, கை இல்லையா?"

மறுபடியும் சிரிப்பு. அக்கா இரண்டு கைகளையும் மடியிலிருந்த பைக்குள் விட்டுக்கொண்டாள். அதை அவன் பார்த்தான். பார்த்தோம் என்பதே பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வயர் இல்லாத சார்ஜர் என்றாலே அவனுக்கு இளக்காரம். மெதுவாக ஏறும், சூடாகும், ஒரு சாண் வயரைச் சொருகுவதற்கு நோகிறவர்கள் வாங்குவது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். அக்காவின் போனுக்கு அந்த வசதி உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அவன் வைத்திருந்து கொடுத்த போன்தானே, பின்கண்ணாடிக்கு அடியில் வயரில்லாமல் சார்ஜை வாங்குகிற செம்புச் சுருள் இருப்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கை நழுவிக் கீழே போடாமலிருக்க விரல் நுழைகிற இரும்பு வளையம் ஒன்றைப் பின்னால் ஒட்டிக் கொடுத்தான். அது அவன் கடையின் உபசாரம். யார் போனைக் கொண்டுவந்தாலும் கேட்காமலே ஒட்டிவிடுவான்.

அடுத்த வாரத்தில் அக்காவின் போன் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள் மதியம் லைன் கிடைத்தபோது அவன் வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினான். "மறந்துட்டேன்டா" என்றாள் அவள். "ரெண்டு நாளா மறப்ப? ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவ? நீ தனியா இருந்து கிழிச்சது போதும். மாசக் கடைசில வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடு." இருபத்தாறு வருஷம் சலவைக்கடையில் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவள், வேலையை விட்ட பிறகுதான் அந்த மூன்றாம் மாடி ஒற்றை அறைக்கு வந்தாள். அதன் கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்வதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் அங்கே கை வைத்தான். சொன்னபடி கேட்க வைக்கிற கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை, அக்காவின் எதிர்வீட்டு டீச்சர் திரைக்குக் கண்ணாடி ஒட்ட வந்தாள். ஒட்டி முடிக்கும்வரை பேச்சோடு பேச்சாக, "உங்க அக்கா பாவம் சார். போன வாரம் ரெண்டு நாள் நான் ஊர்ல இல்ல, சார்ஜ் போட ஆளில்லாம தவிச்சுப் போயிட்டாங்க" என்றாள்.

"சார்ஜ் போட ஆளா?"

"தினம் காலைல நான்தானே சொருகித் தர்றேன். விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சுல்ல. துவாரம் எங்க இருக்குன்னே தெரியல, குத்திக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவாங்க. ஜாக்கெட் கொக்கிகூட..." டீச்சர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒட்டிய கண்ணாடிக்குள் பெரிய காற்றுக்குமிழி ஒன்று நின்றது. உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினான். அதுவும் கோணலாகப் போயிற்று. மூன்று தடவை அந்தப் பின்னைத் திறந்து பார்த்திருக்கிறான். கீறல்களையெல்லாம் லென்ஸில் எண்ணிக் காட்டினானே தவிர, கீறிய விரலை ஒரு தடவை பிடித்துப் பார்க்கவில்லை. கடைக்கு வருகிற யாராக இருந்தாலும் 'எப்படி ஆச்சு' என்று கேட்டிருப்பான். வெட்கமாக இருந்தது. அவளை வைத்துச் சிரிப்பு மூட்டியபோது கடையில் யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

மதியமே கடையைச் சாத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்த அந்த வட்டச் சார்ஜர் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். மூன்று மாடி ஏறியதில் வேர்த்துக் கொட்டியது. "துண்டு அலமாரில இருக்கு, எடுத்துத் துடை" என்று அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள். சொன்னவள் உடனே, "இரு, இரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று பதறி ஓடிவந்தாள். அதற்குள் அவன் எடுத்துவிட்டான். மடித்த துண்டுகளுக்கு அடியில், வேறு ஏதோ கடையின் பெட்டியில், அதே மாதிரி ஒரு தட்டு இருந்தது.

அக்கா திருடி மாட்டிக்கொண்டவளைப் போல நின்றாள். "சும்மா வாங்கிப் பார்த்தேன்டா. ஆனா நமக்கு அது சரிப்படல. வெச்சதும் சிவப்பு விளக்கு மினுக்குச்சு, போன் வேற சுட்டுச்சு. நான்தான் தப்பா வெச்சுக் கெடுத்துட்டேன்போல. உன்கிட்டக் கொண்டுவந்தா..."

அவன் மேசை மேலிருந்த போனைத் திருப்பினான். நட்டநடுவில், சுருளுக்கு நேர் மேலே, அவன் ஒட்டிய இரும்பு வளையம்.

"நீ தப்பா வைக்கலக்கா" என்றான். "இந்த இரும்பு இருந்தா ஏறாது. ஒட்டினது நான்தான்."

நகத்தால் நெம்பினான், வரவில்லை. உறுதியாக ஒட்டுவதில் அவனுக்கு நல்ல பெயர். அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துண்டை நான்காக மடித்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். விரலில் பார்க்காமல் கன்னத்தில் பார்க்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. வெதுவெதுப்பான துண்டை வளையத்தின் மேல் அழுத்திப் பிடித்தாள். பசை இளகி வளையம் கழன்று வந்தது. அவள் வாங்கி ஒளித்து வைத்த தட்டையே எடுத்து வயரை அவன் மாட்டினான். "நீயே வை" என்றான். அவள் வைத்தாள். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

அக்கா போனை எடுத்தாள். மறுபடி வைத்தாள். கொஞ்சம் கோணலாக வைத்துப் பார்த்தாள்; அப்போதும் எரிந்தது.

"அப்ப நான் இங்கயே இருக்கலாம்ல?" என்று விளக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

சரி என்று அவன் தலையை ஆட்டினான்.

"கடையில இதைச் சொல்லிடாதடா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு போனை எடுத்து, கண்ணைத் திறக்காமலே திரும்ப வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் வளையத்தை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடியிருந்தான். அதில் இன்னும் துண்டின் சூடு இருந்தது.