கிளம்பும் முன் கொஞ்சம் உட்கார்

ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. ரிம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதே ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கப் பெட்டி போட்டு ஏற வேண்டியிருந்தது. இர்கூத்ஸ்க் நகரத்தின் பழைய மரவீடுகள் இப்படித்தான், வருஷத்துக்கு வருஷம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நீலச் சட்டத்தில் செதுக்கிய பூக்களில் பாதி உதிர்ந்துபோயிருந்தன.

அக்கா அக்னியா கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. கட்டிப்பிடிக்கவில்லை.

"உள்ள வந்துட்டுப் பேசு. வாசப்படில நின்னு பேசினா சண்டை வரும்."

"இனிமே புதுசா என்ன வரப்போகுதுக்கா?"

அவர்களுடைய பழைய சண்டை அம்மா இறந்த வருஷம் வந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்றாள் ரிம்மா. என் பிணத்தைத் தாண்டிப் போய் வித்துக்கோ என்றாள் அக்னியா. அன்று போன ரிம்மாதான், நாட்டின் மேற்குக் கோடியில் கலினின்கிராதில் குடியேறி, கல்யாணம் செய்து, கணவனை அடக்கமும் செய்துவிட்டு இப்போது வந்திருக்கிறாள். வீட்டில் பங்கு கேட்கும் எண்ணமெல்லாம் எப்போதோ போய்விட்டது. 'மறுபடி வா' என்று அக்கா ஒரு தரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அக்னியா அதைத் தவிர மற்றதெல்லாம் பேசினாள். ரிம்மா பால் விடாத தேநீரைக் கையில் எடுத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மேற்குல போய் நாக்கு செத்துப்போச்சா? வெறும் தண்ணியக் குடிக்கிற."

"சரி, ஊத்து."

"நீயே ஊத்திக்கோ. விருந்தாளியா நீ?"

அந்தக் கடைசிச் சொல்லை ரிம்மா அன்று முழுவதும் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். அன்பாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று பிடிபடவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பைக்கால் ஏரிக்குப் போனார்கள். ஜூன் மாதத்திலும் ஏரிக்கரைக் குளிர் எலும்பைத் தொட்டது. புகையில் வாட்டிய ஓமுல் மீனைக் காகிதத்தில் வாங்கி, கல்லில் உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்றார்கள். விரலெல்லாம் எண்ணெய். சின்ன வயதில் வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த துண்டுக்காக ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்திருக்கிறார்கள். அப்பா இருவரையும் திட்டிவிட்டுத் தானே அதை வாயில் போட்டுக்கொள்வார். அக்னியா இப்போது அந்தத் துண்டைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

"உங்க ஊர்லதான் கடலே இருக்கே."

"கடல் மீனுக்கு இந்த ருசி ஏதுக்கா."

"ஐஸ் வைக்காத. தின்னு."

ரிம்மாவுக்கு அழுகை வந்தது. காற்றின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்னியா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. ரிம்மா கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

"உட்காரு," என்றாள் அக்னியா. "அன்னைக்கு நீ உட்காராமயே கிளம்பிட்ட. அதான் திரும்பி வர இத்தனை காலம் ஆயிடுச்சு."

அந்த ஊர் வழக்கப்படி, பயணத்துக்கு முன் வீட்டில் எல்லோரும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். இருப்பவர்களில் மூத்தவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழலாம். ரிம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அக்னியா எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது.

"அக்கா, நீ எழுந்தாத்தான் நான்..."

"தெரியும்."

அக்னியா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் போட்டு, சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள்.