முதுகில் ஒட்டிய ஆடு

சுலக்ஷனா புத்தகம் முழுவதையும் வாசிக்கிறாள் என்று கிஷாந்த் அக்கரப்பத்தனை ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தான். மகளுக்கு இன்னும் ஐந்து வயது நிறையவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எந்த இடத்திலும் தடுக்காமல் சொல்வாள். அதனால் முன்பள்ளி ரினோஸா டீச்சர், "ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டபோது, பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்துத் தலையைக் கையால் வாரிக்கொண்டு போனான்.

டீச்சர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். சுலக்ஷனா அதைத் திருப்பிக்கூடப் பிடிக்கவில்லை. அதே ராகத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். பிறகு டீச்சர் புத்தகத்தை நேராக்கி, இலைப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த 'இ' என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"கொழுந்து."

கிஷாந்துக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தேயிலை மலைக்கு நடுவில் பிறந்த பிள்ளை இலையைப் பார்த்தால் வேறென்ன சொல்லும்?

"கெட்டிக்காரப் பிள்ள," என்றார் டீச்சர். "ஒரு தரம் கேட்டா அப்படியே மனசுல நிக்குது. ஆனா எழுத்தப் பாக்கல, படத்தத்தான் பாக்குறா. வீட்டுல தினம் பத்து நிமிஷம் உக்காந்து எழுத்தக் காட்டுங்க. ஏச மட்டும் ஏசாதீங்க."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தான். படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எழுத்தை மட்டும் காட்டினான். சுலக்ஷனா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள்.

"கைய எடுங்கப்பா, தெரியல."

"தெரியக் கூடாதுன்னுதானே மூடியிருக்கேன்."

"தெரியலன்னா எப்படி வாசிக்கிறது?"

அவன் கையை இன்னும் இறுக்கி மூடினான். பத்து நிமிடம் முடிவதற்குள் அவன் குரல் பக்கத்து வீட்டுக் காம்பரா வரை கேட்டது. பிள்ளை அழுதாள். மலையிலிருந்து அப்போதுதான் வந்த அவன் மனைவி நிஷாந்தி, கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நீங்க ஆட்டோ ஓட்டப் பழகுனப்ப எத்தன தரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விட்டீங்க?"

"மூணு தரம்."

"அஞ்சு தரம். இவ ஒரு நாள்தானே விட்டிருக்கா."

நிஷாந்திக்குத்தான் யோசனை தோன்றியது. புத்தகத்தில் இருக்கும் ஓடத்தையும் ஒட்டகத்தையும் பிள்ளை கண்டதில்லை. கண்ணெதிரே இருப்பதையே எழுதினால் என்ன? பழைய கலண்டர் தாள்களை வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் கிஷாந்த் பெரிதாக எழுதினான். கதவு, வாளி, அடுப்பு, கண்ணாடி, சீனி. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குக் கண்ணாடியில் வருவது எந்த 'ண' என்று சந்தேகம் வந்தது. போனில் தேடிப் பார்த்துத்தான் எழுதினான். குடத்துக்கு வந்தபோது இன்னொரு சிக்கல்.

"தண்ணீர்னு எழுதவா, தண்ணின்னு எழுதவா?"

"நம்ம வீட்டுல குடிக்கிறது தண்ணிதான்," என்றாள் நிஷாந்தி.

செலோடேப்பால் ஒட்டி முடித்ததும் சுலக்ஷனா அடுத்த காம்பரா ராசம்மாவின் ஆட்டுக்கும் ஒன்று கேட்டாள். 'ஆடு' என்று எழுதிக் கழுத்துக் கயிற்றில் கட்டினார்கள். ஆடு திரும்பிப் பார்த்தது, தாளைத் தின்றது. இன்னொன்று எழுதிக் கட்டினார்கள். அதையும் தின்றது.

"ஆடு ஆட்டத் தின்னுருச்சு!" என்று சுலக்ஷனா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். மூன்றாவதை ஆடு தெரிகிற ஜன்னல் பக்கமாக வீட்டுக்குள்ளேயே ஒட்டிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் சுலக்ஷனா எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். கிஷாந்துக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. கதவில் ஒட்டியிருப்பதைக் கதவு என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? இதுவும் இலையைப் பார்த்துக் கொழுந்து என்ற கதைதானோ?

"இருங்க, அவசரப்படாதீங்க," என்றாள் நிஷாந்தி. அவன் சரி என்று தலையாட்டினானே தவிர, மனசு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், புடவைக்கடை மீராசாஹிப் முதலாளி சாமான் ஏற்ற ஆட்டோவை ஹயருக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நல்ல பனி. கிஷாந்த் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சுலக்ஷனா ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். கடையில் துணிப் பொட்டலத்தைத் தூக்குவதற்காக அவன் குனிந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம்.

"தம்பி, டீ சொல்லவா, புல்லுக் கட்டு சொல்லவா?" என்றார் முதலாளி.

கிஷாந்த் விளங்காமல் நின்றான். முதலாளி அவன் முதுகிலிருந்து ஒரு தாளை உரித்துக் கையில் கொடுத்தார். அவன் கையெழுத்தில் 'ஆடு'.

கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிஷாந்துக்குக் கோபம் வரவில்லை. ஜன்னலில் இருந்த தாளை உரித்து, வேண்டுமென்றேதான் தன் முதுகில் ஒட்டியிருக்கிறாளா பிள்ளை? பொட்டலத்தை ஏற்றி, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினான்.

நிஷாந்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோளில் 'சீனி' என்று ஒட்டியிருந்தது. அவளுக்கே தெரியாது.

"சுலக்ஷனா! அம்மாவுக்கு ஏன் இத ஒட்டுன?"

"அம்மா இனிப்புதானே."

"அப்ப எனக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா என்ன சொன்னாலும் நீங்க ஆடு மாதிரி தலைய ஆட்டுறீங்கன்னு ராசம்மா அத்த சொன்னாங்க."

நிஷாந்தி சிரித்த சிரிப்பில் பிழிந்த சட்டை மண்ணில் விழுந்தது. கிஷாந்த் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு புதுத் தாளை எடுத்தான். இதுவரை எந்தப் பொருளிலும் ஒட்டாத ஒரு சொல் வேண்டும். ஆனால் எழுத்துகள் அவளுக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். யோசித்து இரண்டே எழுத்து எழுதி மகளிடம் நீட்டினான்.

அவள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் கிடைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். இந்தத் தாள் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லை. அதன்பிறகுதான் எழுத்தைப் பார்த்தாள்.

"இது வாளியோட மொத எழுத்து. வா." விரலை நகர்த்தினாள். "இது கண்ணாடியோட கடைசி. டி." உதடு அசைந்தது. "வா... டி... வாடி!" திடீரென்று நிமிர்ந்தாள். "நான் இங்கதானே இருக்கேன்ப்பா!"

கிஷாந்த் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். நிஷாந்தி ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொரு தரம் வாசிடி," என்றாள். அவள் வாசித்தாள். பிறகு ராசம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ராசம்மா, "எம்மேல கத சொல்ற வாயா இது?" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சுலக்ஷனா முன்பள்ளிக்குப் போனாள். ரினோஸா டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிஷாந்த் தடுப்பதற்குள் பிள்ளை தாளை விரித்து டீச்சர் முகத்துக்கு நேரே பிடித்து, மூன்று வகுப்புக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"வாடி!"

கிஷாந்துக்கு வியர்த்துவிட்டது. "டீச்சர், அது வந்து... நாந்தான் எழுதிக் குடுத்தேன்... உங்களுக்கு இல்ல..."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாளை வாங்கித் திருப்பி மறு பக்கத்தில் ஏதோ எழுதினார். "டீச்சர்கிட்ட இப்படித்தான் சொல்லணும். வாசி பாப்போம்."

"வா..." என்றவள் நின்றாள். நடு எழுத்து அவளுக்குப் புதிது. கடைசியை அடையாளம் கண்டுகொண்டாள். "க... கதவோட மொத எழுத்து." நடுவில் விரலை வைத்துக்கொண்டு டீச்சரை அண்ணாந்து பார்த்தாள்.

"அது ங்," என்றார் டீச்சர்.

"வா... ங்... க. வாங்க!"

"வந்துட்டேன்," என்று டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

மத்தியானம் ஆட்டோவில் திரும்பும்போது பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, நம்ம வீட்டுல ங் எதுல இருக்கு?"

கிஷாந்த் யோசித்தான். கதவிலும் இல்லை, அடுப்பிலும் இல்லை. கோயில் வளைவு போனது, பாலம் போனது. மேட்டில் கியரை மாற்றும்போது சட்டென்று கிடைத்தது.

"வெங்காயம்!" என்று கத்தினான்.

எதிரே கொழுந்து மூட்டையோடு வந்துகொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு ஒதுங்கி நின்றார். பின் இருக்கையில் சுலக்ஷனா அந்தச் சொல்லை வாய்க்குள் உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.