ஒன்பதாவது ஃப்ரெட்

ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் பிட்டின் நுனியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளந்து, அந்த இடத்தில் மஞ்சள் டேப்பை இரண்டு சுற்று சுற்றினாள் அனந்தலக்ஷ்மி. டேப் மரத்தில் பட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஆழம் கூடிப்போவதைவிட, பிட் பக்கவாட்டில் சறுக்குவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கிதாரின் கழுத்தில் ஒரு பிளவு விழுந்தால் போதும், அப்புறம் அது தந்திகளின் இழுப்பைத் தாங்காது. சோபா தலையணைகள் இரண்டுக்கு நடுவே அந்த பேஸ் கிதார் ஆபரேஷனுக்குப் படுத்த ஆளைப்போல மல்லாந்து கிடந்தது. தந்தி நான்கையும் கழற்றியாயிற்று. மணி பதினொன்று. ஐந்தரைக்கு டாலிகஞ்ச் அரங்கில் சவுண்ட் செக், ஏழு மணிக்கு நிகழ்ச்சி. நடுவில் பசை காய்வதற்கே மூன்று மணி நேரம் வேண்டும்.

ஆபீஸில் அவள் வேலை சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது. கடுகளவு பாகங்களை லென்ஸுக்குக் கீழே வைத்து சால்டர் செய்து பழகிய கை. சாந்தினி மார்க்கெட்டில் நாலு நிறத்தில் எல்.இ.டி. வாங்கிவந்து, குளியலறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டியதில், பச்சைதான் நன்றாகத் தெரிகிறது என்று அவள் கணவன் ஸ்ரீநிவாஸ் சொல்லியிருந்தான். மற்ற மூன்றுக்கும் அவன் சொன்ன பதிலை அவள் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபோது, "ஆன் பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

அந்த கிதாரின் கழுத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. சாதாரணமாக எந்த கிதாரிலும் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு, அதாவது ஃப்ரெட்டுகளுக்கு, இடையில் அங்கங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். வாசிப்பவன் கீழே ஒரு பார்வை பார்த்து, கை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நான்கு வருஷத்துக்கு முன் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், சம்பளத்தைக் கொட்டி இதைச் செய்யச் சொன்னபோது, புள்ளியே வேண்டாம் என்று அடம்பிடித்து வாங்கினான் ஸ்ரீநிவாஸ். புள்ளி பார்த்து வாசிக்கிறவன் டைப்பிஸ்ட் என்பான். அவ்வளவு கொழுப்பு அப்போது.

கொழுப்பு கரைந்தது இரண்டு வருஷத்துக்கு முன். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தேய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். பகலில் நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இருட்டிவிட்டால் நேரே இருப்பதும் தெரியாது. மருந்து எதுவும் இல்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: அவன், அவள், அந்த டாக்டர். மதுரையில் இருக்கும் இரண்டு வீட்டாருக்கும் தெரியாது. அவன் வாசிக்கும் பேண்டுக்குத் தெரியவே தெரியாது. மேடைக்குப் போகும் வழியில் ரோஹித்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு போவான். பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேண்டை நடத்துகிறவன் ரோஹித். பாடுவதும் கிதார் வாசிப்பதும் அவன்தான். ஸ்ரீநிவாஸைவிட ஆறு வயது சின்னவன், 'ஸ்ரீனி-தா' என்று வாய்நிறைய அண்ணா முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். துர்கா பூஜை சமயத்தில் ஒரு கிளப் மேடையில், பாட்டின் நடுவில் விளக்கை அணைத்து வேடிக்கை காட்டினார்கள். நான்கு நொடி இருட்டில் ஸ்ரீநிவாஸின் கை வேறெங்கோ போய் உட்கார்ந்தது. அன்றைக்கு ரோஹித் சிரித்துவிட்டான். நவம்பரில் மறுபடி நடந்தபோது சிரிக்கவில்லை. வீட்டுக்கே வந்து, டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்கிறாயா, வேலையில் ஏதாவது பிரச்சினையா என்றெல்லாம் கேட்டான். இன்னொரு தடவை இப்படி ஆனால் பேஸ் வாசிக்க வேறொருவனை, தீபக்கை, கூப்பிட வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் போனபிறகு அவள் கெஞ்சினாள்.

"சொல்லிடேன் ஸ்ரீனி. ரோஹித் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"ஆமா, ஒண்ணும் சொல்லமாட்டான். அதுதான் எனக்கு வேண்டாம். அப்புறம் நான் எதை வாசிச்சாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்."

கழுத்தின் ஓரத்தில் விளக்கு பதிக்கலாம் என்ற யோசனையை அன்றைக்கு அவள்தான் சொன்னாள். ஸ்டைலுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், இப்போது நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்கள். சொன்ன மறுநாளே அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒளித்துவைக்க இன்னும் நல்ல மூடி ஒன்றைச் செய்து கொடுக்கிறோமே என்று தோன்றியது. ஆனால் அதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டிருந்தது, அதைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

எந்தெந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று காலையில் கேட்டாள். அவன் சனிக்கிழமையும் விடாத ஆபீஸ் மீட்டிங்குக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க்கொண்டிருந்தான். வழக்கமான இடம்தான், உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். தெரியாதா என்ன. ஒன்பது வருஷம் மேண்டலின் படித்தவள். என்ஜினீயரிங் சேரும்வரை தினமும் காலையில் ஒரு மணி நேரம். பென்சிலை எடுத்து மூன்றில், ஐந்தில், ஏழில், பத்தில் ஒவ்வொரு புள்ளி, பன்னிரண்டில் மட்டும் இரண்டு என்று வைத்தாள். விரல் தானாக எண்ணிக்கொண்டு போனது.

ஆறு துளைகளும் சுத்தமாக விழுந்தன. கடைசித் துளையிலிருந்து பிட்டை வெளியே இழுத்தபோதுதான் இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. கழுத்தின் ஓரம் நெடுக மெல்லிய பள்ளம் கீறி, முடிபோன்ற செப்புக் கம்பியை அதில் படுக்கவைத்து, மரத்தூளும் பசையும் குழைத்து மூடினாள். மற்றொரு முனையைப் பின்பக்கம் இருந்த பேட்டரியோடு சேர்த்தாள். மூன்றே முக்காலுக்குத் தந்திகளை மாட்டி சுவிட்சைத் தட்டியபோது ஆறு பச்சைப் புள்ளிகளும் எரிந்தன. திரைச்சீலையை இழுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். ஸ்ரீநிவாஸ் கிதாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தபடியே இருந்தான். தெரியுது லக்ஷ்மி, என்றான். ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டு, மறுபடி சொன்னான். உட்கார்ந்து வாசித்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. கீழே கேப் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பைபாஸில் நல்ல நெரிசல். அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பது. மற்றவர்கள் ஏற்கெனவே மேடையில் இருந்தார்கள். ரோஹித் இறங்கி வந்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, கல்யாண வீடுபோல இருக்கிறது என்று கேலி செய்தான். ஸ்ரீநிவாஸ் பெருமையாகச் சிரித்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்து மேடை ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். அனந்தலக்ஷ்மி ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் இரண்டு வரிசைக்கு முன்னால் தீபக் இருப்பதைக் கவனித்தாள். பக்கத்து நாற்காலியில் அவனுடைய பேஸ் கிதார் பையோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சும்மா கேட்க வந்தேன் பௌதி, என்று அண்ணி முறை வைத்துச் சொன்னான். பாட்டுக் கேட்க வருகிறவன் கிதாரைத் தூக்கிக்கொண்டா வருவான்.

விளக்குக்காரர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பின்சுவரில் மங்கலாக ஒரு நீலம் மட்டும் மிஞ்சியது. அந்த இருட்டிலேயே முதல் பாட்டைத் தொடங்கினார்கள். அது முழுக்கக் கீழ்ஸ்தாயி, கழுத்தின் முதல் பாதியிலேயே கை நிற்கும். ஸ்ரீநிவாஸ் ஒரு இடத்திலும் தவறவில்லை. அவள் மூச்சு நிதானமாகிவிட்டது. ரோஹித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

இரண்டாவது பாட்டில் நடுவே பேஸ் மேலே ஏறி ஒரு ஸ்வரத்தில் நின்று நிலைக்க வேண்டும். ஏறியது, நின்றது, தப்பாக நின்றது. பஞ்சமம் கேட்க வேண்டிய இடத்தில் அதையடுத்த சுத்த தைவதம் கரகரவென்று அறுத்தது. ஸ்ரீநிவாஸ் சட்டென்று சறுக்கிச் சரிசெய்துகொண்டான். ரோஹித் கையைக் காட்டி நிறுத்தி, அந்த இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தான். மறுபடி அதே தைவதம். மூன்றாவது தடவை கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் இன்னும் மேலே போய்விட்டான். அவனுடைய காது தப்பு என்கிறது, விளக்கு சரி என்கிறது. இரண்டு வருஷமாகக் கண் ஏமாற்றிக்கொண்டிருந்தது, இப்போது காதும் சேர்ந்துகொண்டதோ என்ற பயம் அவன் கழுத்து நிமிர்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. தீபக் பையின் ஜிப்பில் கை வைத்திருந்தான்.

அனந்தலக்ஷ்மி பச்சைப் புள்ளிகளைப் பார்த்தாள். மூன்று, ஐந்து, ஏழு. அதற்குப் பிறகு ஓர் இடைவெளி, கொஞ்சம் பெரிய இடைவெளி. மேண்டலினில் பத்தாவது ஃப்ரெட்டில்தான் புள்ளி இருக்கும். கிதாரில் ஒன்பதில். ஒன்பது வருஷம் பார்த்த புள்ளியை அப்படியே கொண்டுவந்து அவன் கழுத்தில் பதித்துவிட்டிருந்தாள். வெளிச்சத்தில் வாசிக்கிறவன் ஃப்ரெட்டைப் பார்த்துக்கொள்வான், புள்ளி எங்கே இருந்தால் என்ன. இருட்டில் அந்தப் புள்ளி ஒன்றுதான் அவனுக்குத் தெரிகிறது.

தப்பு என்னுடையது என்று இங்கிருந்தே கத்திவிடலாம். கத்தினால் ரோஹித் அடுத்து என்ன கேட்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் புள்ளியே இல்லாமல் வாசித்தவனுக்கு ஒரு புள்ளி தள்ளிப்போனால் என்ன, கீழே குனிந்தால் ஃப்ரெட் தெரியாதா என்று கேட்பான். சொல்லாமல் இருந்தால் ஸ்ரீனியின் கை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள், இன்றைக்கே தீபக் மேடை ஏறுவான். சொன்னால் கண். சொல்லாவிட்டால் கை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து விறுவிறுவென்று மேடைப் படியில் ஏறினாள்.

அவன் பக்கத்தில் போய்த் தமிழில் சொன்னாள். அந்த மேடையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

"ஸ்ரீனி, உன் கை சரிதான். நாலாவது லைட்டைப் பத்துல போட்டுட்டேன். மேண்டலின் ஞாபகத்துல."

அவன் தலையைத் தூக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. நான் ரோஹித்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். நாலாவது லைட்டுக்கு ஒண்ணு கீழ, அவ்வளவுதானே. பாத்துக்கறேன். நீ போய் உக்காரு."

என்ன விஷயம் என்று மைக் அருகிலிருந்து ரோஹித் கேட்டான். பேட்டரி ஒயர் லூஸாம், இப்போது சரியாகிவிட்டதாம் என்று ஸ்ரீநிவாஸ் நல்ல வங்காளத்தில் அவன் பக்கம் திரும்பிச் சொன்னான். இவ்வளவு சரளமாக அவனுக்குப் பொய் வரும் என்று அவள் அறிந்திருக்கவில்லை. பிறகு மறுபடி குனிந்து நாலாவது பச்சைக்கு ஒன்று கீழே விரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, சத்தமில்லாமல் பழகிக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் வெகுநாளாக இல்லாத சந்தோஷம் இருந்தது.

ரோஹித் கிதாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் நடந்து வந்தான். கோபமாக வருவதுபோலத் தெரியவில்லை. ஸ்ரீநிவாஸின் வலது பக்கம் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் முன் நீட்டினான். ஸ்ரீநிவாஸ் விளக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ரோஹித் பாட்டிலை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான். மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. ரோஹித் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பாட்டிலை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினான், பிறகு வலப்பக்கம்.

ஸ்ரீனி, தண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது. அனந்தலக்ஷ்மி சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஸ்ரீநிவாஸ் நிமிர்ந்தான். யாருமே இல்லாத அந்த மைக்கைப் பார்த்து முகம் மலரச் சிரித்து, "ரெடி, ரோஹித். ஷுரு கொரி?" என்று வங்காளத்தில் கேட்டான், ஆரம்பிக்கலாமா என்று. ரோஹித் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நீட்டிய கையை இன்னும் மடக்காமல்.