அச்சக அணி தோற்க வேண்டும்

அச்சக அணி தோற்க வேண்டும் என்று பதினெட்டு வருடங்களாக நான் விரும்பி வருகிறேன். இதை யாரிடமும் ஒளித்ததில்லை. என் மைத்துனர் இதைப் பொறாமை என்கிறார். தெருவில் சிலர் வயிற்றெரிச்சல் என்கிறார்கள். போன மாதம் நடந்த இறுதியாட்டத்துக்குப் பிறகு வேறு சிலதும் பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் அதில் அடிபடுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது பணிமனைக் குடும்பம். என் தகப்பனாரும் நானும் என் தம்பியும் பணிமனை அணியின் பச்சை பனியனைப் போட்டுக் கூடைப்பந்து ஆடியவர்கள். என் மகன் மட்டும் பந்து வந்தால் குனிந்துகொள்வான். ஆனால் அவன் தேடிக்கொண்டு வந்த பெண் எங்கள் பணிமனையில் லேத் ஓட்டுகிறவள். முதல்முறை வீட்டுக்கு வந்தபோது நான் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், எந்த அணி என்று. பணிமனை என்றாள். மேற்கொண்டு விசாரிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்று என் மருமகள்தான் பணிமனை மகளிர் அணியின் கேப்டன். முதுகில் பதினொன்று.

அச்சகத்து மகளிர் அணி நீலம். அவர்களுடைய ஆட்டம் எங்கே நடந்தாலும் நான் போய்விடுவேன், எங்களோடு மோதாவிட்டாலும். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது வந்து, இரண்டு பேர் துடைப்பத்தை வாங்கித் தரையைத் தாங்களே பெருக்குவார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பந்தை ஐந்து கை மாற்றிய பிறகுதான் கூடையைப் பார்ப்பார்கள். நடுவர் தப்பாக விசில் ஊதினாலும் கையை விரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், திரும்பி ஓடிப்போய்த் தடுக்க நிற்பார்கள். அவர்களுடைய ஒன்பதாம் எண், நாங்கள் கொக்கு என்று கூப்பிடும் நெட்டைப் பெண், எதிரணிக்காரி விழுந்தால் முதலில் கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். பிறகு அதே பெண்ணிடமிருந்து அடுத்த நிமிடமே பந்தைப் பிடுங்குவாள்.

இவ்வளவு தெரிந்தும் அவர்கள் தோற்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா என்று மைத்துனர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார். மைத்துனர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எந்த அணியும் கிடையாது. ஜெயிக்கிறவர்களுக்குக் கை தட்டுவார். என் மனைவி தன் தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றி அவர் வாயை அடைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான் பதில் சொன்னேன். சோப்பு ஆலை அணி தோற்க வேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்களா? அது தானே தோற்றுப்போகும். இளைத்தவன் தோற்கட்டும் என்பது சின்னப் புத்தி. தோல்வியை விரும்பும் அளவுக்கு ஒரு அணி இருக்கிறது என்றால், அது ஆட்டத்தின் உயரத்தையே தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர்களை ஜெயித்தால் மட்டுமே ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியும். இன்னொன்று, கை தட்டுகிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். தோற்கட்டும் என்று நினைக்கிற நான் அவர்களின் பாதத்தைப் பார்க்கிறேன். கொக்கு களைத்துப்போனால் இடது முழங்காலைத் தடவுவாள் என்பது அவளுடைய ரசிகர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

மைத்துனர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அத்தான், நீங்க பேசுற பேச்சைப் பார்த்தா அவங்க ரசிகர் மன்றத்துக்கே நீங்கதான் தலைவர் போல" என்றார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

இனி மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆடுகளத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு நான்தான் புள்ளித்தாள் எழுதுகிறவன். லீக்கின் வழக்கம் இது: ஆடுகளத்துக்காரர்களின் ஆள் மையில் எழுதுவார். வந்த அணியின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலில் ஒரு தாள் எழுதுவார். ஒவ்வொரு கால்பகுதி முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுவோம். ஆட்டம் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுப்போம். நடுவர் கையெழுத்துப் போடும்வரை பிழையைத் திருத்தலாம். போட்டுவிட்டால் அவ்வளவுதான். மைத்தாளில் இருப்பதே ஆட்டம்.

அச்சக அணிக்காகப் பென்சில் பிடிப்பவர் அவர்களுடைய பிழைதிருத்துநர். என் வயதுதான். அதிகம் பேச மாட்டார். புள்ளிப் பலகையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். அது நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் பலகைதானே என்பார். நடுவரின் கையை மட்டும் பார்ப்பார்.

நான் பணிமனையில் இருபத்தாறு வருடங்கள் அளவு சோதனைப் பிரிவில் இருந்தவன். லேத்திலிருந்து வரும் தண்டுகளை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பது வேலை. அங்கே சந்தேகம் வந்தால் தள்ளிவிட வேண்டும். தேறுமா என்று யோசிக்கக் கூடாது. புள்ளித்தாளிலும் அதையே வைத்திருந்தேன், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். சந்தேகம் வந்தால் எங்கள் அணிக்குக் குறைவு. அப்போதுதானே ஒருவனும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. மருமகள் ஆட வந்த பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. அவள் கைக்குப் பந்து வந்தால் நான் தாளைக் குனிந்து பார்ப்பேன். என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது. கூடை விழுந்த சத்தம் கேட்ட பிறகு நிமிர்ந்து எழுதுவேன்.

இறுதியாட்டம் எங்கள் ஆடுகளத்தில் நடந்தது. அச்சக அணியும் நாங்களும். பணிமனை மகளிர் அணி இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஆட இன்னும் இரண்டு நிமிடங்கள் இருந்தன. அவர்கள் ஐந்து புள்ளி முன்னால். மருமகளுக்கு வலது ஓரத்தில் பந்து வந்தது. நான் குனிந்தேன். வலைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவளுடைய ஷூ மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்தது. கோட்டை மிதித்து எறிந்தால் இரண்டுதான். நடுவர் அதற்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார். பிழைதிருத்துநர் தன் அணியின் ஆள்மாற்றத்துக்காக எழுந்து நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. பதினொன்று, இரண்டு என்று எழுதினேன். பலகையில் இரண்டு ஏறியது. எங்கள் பெஞ்சில் ஒரு பெண் மூன்று விரலைக் காட்டிக்கொண்டு எழுந்தாள். மருமகள் மேசையை ஒருமுறை பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். ஒழுங்கைக் காக்கிறாள் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தபோது அச்சகம் ஐம்பத்தெட்டு, பணிமனை ஐம்பத்தேழு.

நீலப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நானும் பிழைதிருத்துநரும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் விரல் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் நின்றது.

"சார், இங்க மூணு."

"ரெண்டு" என்றேன். "கால் கோட்டு மேல இருந்துச்சு."

"அது கீழ வந்த கால். எம்பினப்போ வெளியதான் இருந்தாங்க. நடுவர் மூணுன்னு ரெண்டு கையையும் தூக்கினார்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க தாளைப் பார்த்துட்டு இருந்தீங்க, சார். அந்தப் பொண்ணு பந்தை எடுத்தா நீங்க எப்பவுமே தாளைத்தான் பாக்கறீங்க."

அவருடைய பென்சிலின் மறுமுனையில் ரப்பர் இருந்தது. அந்த மூன்றை அவர் இரண்டாக்கியிருந்தால் கோப்பை அவர்கள் கையில். கேட்க ஆளில்லை. அப்படி ஒரு வழி உண்டு என்பதே அவர் முகத்தில் இல்லை. தாளில் இருப்பது தப்பு, திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதலில் நினைத்தது எங்கள் பெயரைத்தான். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, சொந்த ஆடுகளத்தில், மாமனார் தன் பேனாவால் மருமகளுக்கு ஒரு புள்ளி கூட்டினார் என்று பேசுவார்கள். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் சொல்லாத சொல் அது. திருத்தாவிட்டால் ஒரு பேச்சும் வராது. நடுவர் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பிழைதிருத்துநர் என் தயக்கத்தைப் புரிந்துகொண்டு, தான் கேட்டுத்தான் திருத்தியதாகத் தானே எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

நான் எழுந்து மருமகளிடம் போனேன். கழுத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பந்து மூணாம்மா?"

"மூணுதான், மாமா."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் துண்டின் நுனியைப் பார்த்தாள். "நாலு பேர் முன்னாடி உங்க பேனா தப்புன்னு நான் எப்படி மாமா சொல்றது?"

நான் காத்த கௌரவம் எங்கள் வீட்டுப் பெண்ணின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு வருடம் முழுக்க லேத்தில் தினம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, மாலையில் இங்கே வந்து ஆடிப் பழகியவளின் புள்ளியை எடுத்துக்கொண்டுபோய் என் பெயருக்குப் பூச்சாக்கியிருக்கிறேன்.

நடுவரிடம் நானே சொன்னேன், மெதுவாக அல்ல. "தப்பு என்னோடது. பதினொண்ணாம் நம்பருக்கு மூணு. நான் ரெண்டுன்னு எழுதிட்டேன்." பிழைதிருத்துநரின் பெயரை இழுக்கவில்லை. நடுவர் பென்சில் தாளைப் பார்த்தார், தன் ஞாபகத்தையும் சொன்னார், ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு, ஐந்து நிமிடம் கூடுதல் ஆட்டம் என்று அறிவித்தார்.

நினைத்தது நடந்தது. நீலப் பக்கத்தில் ஊளை கிளம்பியது. ஒருவன், பெரியவரே, பேனாவில் இன்னும் மை இருக்கிறது, ரெண்டு சேர்த்துப் போட்டுக் கொடுங்கள், கூடுதல் ஆட்டமாவது மிச்சமாகும் என்று கத்தினான். எனக்குக் காது சுட்டது. முதுகை வளைக்காமல் நின்றேன். அப்போது கொக்கு தன் ரசிகர்களைப் பார்த்துத் திரும்பினாள். அந்தப் பந்தின்போது மருமகளைத் தடுக்க நின்றவள் அவள்தான். ஒன்றும் பேசாமல் கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினாள். அவர்கள் அடங்கும்வரை கையை இறக்கவில்லை.

நான் பேனாவைப் பிழைதிருத்துநரின் முன்னால் வைத்துவிட்டு அவருடைய பென்சிலை எடுத்துக்கொண்டேன். நடுவர் தலையசைத்தார். அந்த ஐந்து நிமிடமும் நான் குனியவில்லை. மருமகள் பந்தை எடுத்தால் உதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எம்புவதற்கு முன் ஒரு கணம் தயங்குவதுபோல் நடிக்கிறாள். கொக்கே ஒருமுறை அதில் ஏமாந்தாள். முதல் மூன்று நிமிடம் எங்கள் அணிதான் முன்னால் இருந்தது. அச்சக அணி தோற்கட்டும் என்று என் வாழ்நாளில் அவ்வளவு கெட்டியாக நான் வேண்டிக்கொண்டதில்லை.

அவர்கள் தோற்கவில்லை. கடைசி ஏழு நொடிகளில் கொக்கிடம் பந்து இருந்தது, கூடை திறந்திருந்தது. அவளே போட்டிருக்கலாம். தன்னைவிட இன்னும் தெளிவாக நின்றிருந்த சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள். அறுபத்தேழு, அறுபத்துநான்கு. பிழைதிருத்துநர் தன் அணியின் வெற்றியைத் தோல்வியை எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார். நான் அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மைத்துனர் சும்மா வரவில்லை. தோற்க வேண்டும் என்று நீங்கள் தவம் கிடந்த அணியிலேயே உங்களுக்கு இப்படி ஒரு ஆள் இருந்தாரே என்றார். அதனால்தான் தோற்க வேண்டும் என்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மருமகளுக்கு விளங்கியது. "அடுத்த வருஷம் பாருங்க மாமா" என்றாள். அதோடு, அந்த வலது ஓரத்துப் பந்தை நான் பார்த்திருக்க வேண்டும், நல்ல பந்து என்று தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். அது எனக்குத் திட்டாகவே பட்டது. வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் லீக்குக்குக் கடிதம் எழுதினேன். நான் மேசையிலிருந்து விலகுகிறேன், எங்கள் ஆடுகளத்தில் இனி மைத்தாளை அச்சகத்துப் பிழைதிருத்துநர் எழுதட்டும், பணிமனையும் அச்சகமும் மோதும் ஆட்டம் உட்பட. செயலாளர் வீட்டுக்கே வந்து, எதிரணி ஆளையா சொல்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார். அவர்கள் என்றைக்குத் தோற்றாலும் அதை ஒரு புள்ளி கூடக் குறையாமல் எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்றேன். தெருவில் இதையும் வைத்துப் பேசுகிறார்கள். பேசட்டும்.

பிழைதிருத்துநரின் சம்மதத்துக்காகச் செயலாளர் அந்தக் கடிதத்தை அவரிடம் அனுப்பினார். ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பியிருந்தார். "தொடர்ந்து ஏழு முறை கோப்பை வென்ற அணியைச் சேர்ந்தவர்" என்று நான் எழுதியிருந்த இடத்தில், ஏழைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் எட்டு என்று எழுதியிருந்தார்.

எண்ணிப் பார்த்தேன். எட்டுதான். அது ஒன்பதாகக் கூடாது.